சித்தப்பா காரின் 2 கிலோமீட்டர் எங்கே போச்சு?

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்டிவனத்தில் சித்தப்பா வீடு. பலகாரம் சாப்பிட விழுப்புரத்திலிருந்து மாமாவும் வந்திருந்தார். இந்த இரண்டு பேரும் சந்தித்தால் அரை மணி நேரத்தில் பேச்சு காருக்கு வந்துவிடும். இந்த முறை அது சண்டைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

சித்தப்பாவிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. அவரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: ஃபுல் டேங்க் போடும்போதெல்லாம் எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டின்படி 2023 தொடக்கத்தில் லிட்டருக்கு 18. இப்போது 16. "எத்தனாலைக் கலந்ததுல இருந்துதான்டா இப்படி" என்றார். "அதெல்லாம் இல்ல மச்சான், நீ மாட்டுன பெரிய டயர்தான் காரணம்" என்றார் மாமா.

இதுவரைக்கும் வேடிக்கைதான். ஆனால் சித்தப்பா ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, லோன் போட்டு ஒரு பெரிய டீசல் வண்டி. தரையிலிருந்து நல்ல உயரம், மைலேஜும் வரும், மழை வெள்ளம் வந்தாலும் கவலை இல்லை என்பது அவர் கணக்கு. தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறாள், அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். சித்தி ஒன்றும் பேசாமல் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"நீதான மெக்கானிக்கல் படிக்கிற, நீ சொல்லு" என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். செமஸ்டர் வைவாவில்கூட இவ்வளவு வேர்த்ததில்லை.

டயரிலிருந்து ஆரம்பித்தேன். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்று போட்டிருந்தால், முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எழுத்துக்குள் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் யார் கலந்து வைத்தார்களோ தெரியவில்லை. எத்தனாலைக் கலந்தவர்களைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சித்தப்பா வண்டி ஷோரூமிலிருந்து வந்தது இந்த 165/80 ஆர்14-ல். பக்கச்சுவர் 132 மி.மீ., மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6. மொத்த விட்டம் 619.6 மி.மீ. அதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடலுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. அதையும் கணக்குப் போட்டால் 621.5. இரண்டுக்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. ரிம் பெரிதானால் டயர் சுவர் குட்டையாகும், மொத்த விட்டம் மாறாது. கம்பெனிக்காரன் இதை வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறான். காரணம், வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று மீட்டருக்குத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று ஃபேக்டரியில் சொல்லிக்கொடுத்ததை வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது.

சித்தப்பா 2024-ல் அலாய் வீல் போட்டபோது கடைக்காரர் பேச்சைக் கேட்டு 195/65 ஆர்15 மாட்டியிருக்கிறார். விட்டம் 634.5. பழையதைவிட 2.4 சதவீதம் பெரிது. இனிமேல் வண்டி உண்மையில் 102.4 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். நோட்டில் எழுதிய தூரமே குறைவு என்றால் மைலேஜும் குறைவாகத்தானே வரும்? 18-ஐ 1.024-ஆல் வகுத்தால் 17.6. சொட்டு பெட்ரோல்கூட வீணாகாமலேயே நோட்டில் 0.4 காணாமல் போய்விட்டது.

மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன்.

அடுத்து எத்தனால். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் கிடைக்கும். எத்தனாலில் 21 சொச்சம்தான். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஏறத்தாழ 30.9 மெகாஜூல், 20 சதவீதம் கலந்ததில் 29.8. மூன்றரை சதவீதம் சக்தி குறைவு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எத்தனால் மூலக்கூறுக்குள் ஏற்கெனவே ஓர் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு அதற்கு ஆக்டேன் அதிகம். அந்த ஆக்டேனுக்கு ஏற்ப அழுத்த விகிதத்தைக் கூட்டி வடிவமைத்த இன்ஜின் இழப்பில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துவிடும். 2019-ல் வந்த இன்ஜினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தியாவில் சராசரிக் கலவை 10 சதவீதத்தைத் தொட்டது 2022 ஜூனில். 2023 பிப்ரவரியில் ஈ20 சில பங்குகளில் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு என்று முதலில் வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே எட்டிவிட்டார்கள். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வகைக் கார்களில் எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20-ல் 6 முதல் 7 சதவீதம் எரிபொருள் திறன் குறையலாம் என்று மதிப்பிட்டிருந்தது. ஆக, சித்தப்பா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 17.6-இல் மூன்றரை சதவீதம் போனால் 17. இன்னொரு 0.6 கணக்கில் வந்துவிட்டது. (இந்த எத்தனால் கரும்பு, அரிசி, மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நத்தை மாதிரி ஊர்ந்தவர்கள், "நம்ம பெட்ரோல்தான் முன்னாடி போகுது" என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.)

சரி, 18-லிருந்து 17 வரைக்கும் கணக்கு வந்துவிட்டது. நோட்டில் 16 அல்லவா இருக்கிறது? மீதி ஒன்று எங்கே? வாசலுக்குப் போய் டயர் பிரஷரைப் பார்த்தோம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவைவிட 6 பி.எஸ்.ஐ. குறைவு. "காத்து கம்மியா வெச்சா குலுங்காதுடா, பாட்டிக்கு இடுப்பு வலி" என்றார். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரியும். அந்த வேலைக்கான சக்தி டயரின் ரப்பரில் சூடாகிக் காணாமல் போகும். அகலமான, கனமான டயர் வேறு. கூடவே, வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர் தூரம், இன்ஜின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று வாசலில் நின்றுகொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கெல்லாம் மருந்து புதுக்கார் இல்லை என்பது சித்தப்பாவுக்கே புரிந்தது.

டயர் பேச்சு வந்ததால் ரிம் பற்றியும் ஒரு வார்த்தை. மாமா பையன் அவர்கள் காருக்கு 16 அங்குலம், 7 இன்ச் அகல அலாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். நம்ம பசங்க பெரும்பாலும் "நாலு போல்ட், செட் ஆகும்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். போல்ட் வட்டம் 100 மி.மீ. என்பது மாருதி, ஹூண்டாய், ஹோண்டா சின்ன கார்கள் பலவற்றுக்கும் பொது, அதனால் மாட்ட முடியும்தான். நடு ஓட்டை ஒன்றாக இருக்காது. மாருதி, ஹூண்டாயில் 54.1, ஹோண்டாவில் 56.1. பெரிய ஓட்டை ரிம்மைச் சின்ன ஹப்பில் வளையம் இல்லாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது. ஹைவேயில் 80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறும். நாம் போய் வீல் பேலன்ஸிங் செய்பவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அதைவிட முக்கியம் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. உதாரணத்துக்கு, 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35 உள்ளதை மாட்டினால் என்ன ஆகும்? ரிம்மின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். பேப்பரில் படம் போட்டுப் பாருங்க, இரண்டு நிமிஷ வேலை. வெளியே தள்ளிய சக்கரம் வீல் பேரிங் மேல் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். நாலு பேர் ஏறி வண்டி பள்ளத்தில் இறங்கினால் டயர் ஃபெண்டரை உரசும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தியே சொன்னது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது இது ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

இப்போது சித்தப்பாவின் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். அவர் பெரிய டயர் போட்டது அழகுக்காக இல்லை. மயிலம் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போகிற வழியில், ஊர்க்காரர்களே போட்ட ஒரு வேகத்தடை இருக்கிறது. குடும்பத்தோடு போனால் அங்கே வண்டியின் அடிவயிறு தேய்க்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சடங்கு நடக்கும்: பாட்டியைத் தவிர எல்லாரும் இறங்கி நடக்க, வண்டி காலியாக ஏறி இறங்க, மறுபடி எல்லாரும் ஏறுவோம். பெரிய டயரால் வண்டி எவ்வளவு உயர்ந்தது? விட்டத்தில் கூடியது 15 மி.மீ., தரைக்கும் வண்டிக்கும் நடுவே கூடியது அதில் பாதி. ஏழரை. ஏழரை என்றதும் மாமா சிரித்த சிரிப்பில் சித்தப்பாவுக்கு முகம் போய்விட்டது.

கேட்டலாக்கில் ஸ்விஃப்ட்டுக்கு 163 மி.மீ. என்று போட்டிருக்கும். அது காலி வண்டி. ஜி.எஸ்.டி.க்காரர்கள்கூட எது எஸ்.யூ.வி. என்று முடிவு செய்ய 170 மி.மீ. என்ற அளவை வைத்து, அதையும் காலி வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் தெளிவாக்கினார்கள். வரி கட்ட அது சரி. கிராமத்துக்குப் போகும்போது வண்டி காலியாகவா போகிறது? பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, சேர்த்துப் பின் அச்சில் 200 கிலோ ஏறினால் 1,962 நியூட்டன். இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து 40-ஆல் வகுங்க: 49 மி.மீ. பின்பக்கம் கிட்டத்தட்ட 5 செ.மீ. இறங்கிவிட்டது. இதில் ஏழரை என்ன செய்யும்?

ஆனால் இதில் குற்றவாளி காரே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்திய சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. 99 என்ற விதியில் வேகத்தடைக்கு அளவு சொல்லியிருக்கிறது: உயரம் 10 செ.மீ., நீளம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. ஸ்விஃப்ட்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.45 மீட்டர். மேடு அதைவிட நீளம் என்பதால், நடுவில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது சக்கரங்களின் மட்டத்துக்கு மேலே மேடு எவ்வளவு எழும்பி நிற்கும்? பத்தாம் வகுப்பு வட்டக் கணக்கு: நாணின் வர்க்கத்தை, ஆரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 2.45-இன் வர்க்கம் 6, அதை 136-ஆல் வகுத்தால் 0.044 மீட்டர். வெறும் 44 மி.மீ. முழு லோடு ஏற்றி வண்டி தொங்கினாலும் உரச வாய்ப்பே இல்லை.

எங்கள் ஊர் மேட்டை டேப் வைத்து அளந்தோம். உயரம் 15 செ.மீ., நீளம் ஒரு மீட்டர்கூட இல்லை. இதில் முன் சக்கரம் இறங்கிவிட்ட பிறகும் பின் சக்கரம் ஏறியிருக்காது. மேட்டின் 150 மி.மீ. முழுசாக வயிற்றுக்கு அடியில் நிற்கும். லோடு ஏற்றிய வண்டியின் நடு உயரம் 130 என்றால் தேய்க்காமல் என்ன செய்யும்? குறுக்காக ஏற்றினால் தப்பிக்கலாம் என்று டிரைவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கோணத்தில் போகும்போது நாலு சக்கரமும் வெவ்வேறு நேரத்தில் மேட்டில் ஏறும், எப்போதும் ஏதாவது ஒரு சக்கரம் மேட்டின் மேல் நின்று வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அதைவிட, பஞ்சாயத்தில் ஒரு மனு கொடுத்து அந்த மேட்டைச் சரிவாக்குவது 12 லட்சம் ரூபாய் வண்டியைவிட மலிவு.

"அது சரி, வெள்ளம் வந்தா?" என்றார் சித்தப்பா. இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2-ஆம் தேதி அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலைக்கு மேலேயே ஆற்றுத் தண்ணீர் ஓடியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயிலும் நின்றது. பாட்டிக்கு அன்று முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் செக்கப். போக முடியவில்லை. உயரமான வண்டி இருந்திருந்தால் போயிருப்பேன் என்பது அன்றிலிருந்து சித்தப்பா மனதில் கிடக்கிறது.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தரை இடைவெளி என்பது தண்ணீரில் எவ்வளவு ஆழம் போகலாம் என்ற அளவு இல்லை. காரின் அடித்தளம் சுமார் 5 சதுர மீட்டர் என்று வைத்தால், தண்ணீர் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 500 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தூக்கும். ஆர்க்கிமிடிஸ் சொன்னதுதான். 875 கிலோ ஸ்விஃப்ட்டுக்கு 17, 18 செ.மீ. போதும். தரையிலிருந்து கணக்கிட்டால் 34 செ.மீ., முழங்காலுக்கும் கீழே. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே புகுவதற்குள் இது நடந்துவிடும். முழுசாக மிதக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாரம் குறையக் குறைய டயருக்குப் பிடிமானம் போகும், ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அமெரிக்க வானிலைத் துறை தன் மக்களுக்குச் சொல்லும் அளவும் இதே வரிசைதான்: வேகமாக ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தால் பெரும்பாலான கார்களையும், இரண்டடி இருந்தால் எஸ்.யூ.வி.க்களையும் அடித்துப் போகும். அதாவது 12 லட்சம் கொடுத்து அவர் வாங்குவது இன்னொரு அடி ஆழம். அன்று அரசூரில் லாரிகளே நின்றுதான் இருந்தன.

தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு ஆபத்து. காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போனால், பிஸ்டன் அழுத்த வரும்போது தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நடுத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீங்க. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்க.

கடைசியில் டீசல். பெட்ரோல் 100, டீசல் 92 என்று ரவுண்டாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் 18 ஓடினால் கிலோமீட்டருக்கு 5.56 ரூபாய், டீசலில் 22 ஓடினால் 4.18. மிச்சம் 1.38. ஒரே மாடலில் டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூடுதல் என்றால், அந்தப் பணத்தை எடுக்கவே 90,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சித்தப்பா வருஷத்துக்கு 9,000 ஓட்டுகிறார். பத்து வருஷம்! அதுவும் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். தினம் 4 கிலோமீட்டர் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாமா மாதிரி வாரத்துக்கு இரண்டு முறை திருச்சி போய் வருபவருக்கு டீசல் சரி.

சி.என்.ஜி. போடலாமே என்று சித்தி உள்ளேயிருந்து கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சிலிண்டரும் மற்றதும் சேர்ந்து 80 முதல் 100 கிலோ, அது பெரும்பாலும் பின்னால்தான் உட்காரும். மேலே போட்ட அதே ஸ்பிரிங் கணக்கில் வண்டி இன்னும் 2 செ.மீ. இறங்கும். வேகத்தடையில் பாட்டியும் இறங்க வேண்டியிருக்கும். புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்று அதற்காகவே போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். 35 லிட்டர் போட்டால் 175 ரூபாய் மிச்சம். போக வர 80 கிலோமீட்டருக்கு 440 ரூபாய் செலவு. வேறு வேலையாகப் போனால் போட்டுக்கொண்டு வாங்க.

மறுநாள் காலை டயருக்குச் சரியாகக் காற்றடித்துவிட்டு, கூட்டேரிப்பட்டிலிருந்து விக்கிரவாண்டி பக்கம் போனோம். சித்தப்பா ஓட்ட, மாமா கிலோமீட்டர் கல்லை எண்ண, நான் ட்ரிப் மீட்டரைப் பார்க்க. பத்து கல் தாண்டியபோது மீட்டரில் 9.8. சித்தப்பா வண்டியை ஓரம் கட்டி, நோட்டை எடுத்து, பழைய கணக்குகளின் பக்கத்தில் "1.024-ஆல் பெருக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதினார். இந்த டயர் தேய்ந்ததும் அதே ரிம்மில் 185/65 போடுவதாக முடிவு. டீசல் வண்டி ஷோரூமிலிருந்து இன்னும் அவருக்கு போன் வந்துகொண்டிருக்கிறது. பஞ்சாயத்துக்கு மனுவை நான்தான் எழுதிக்கொடுத்தேன், 17 மீட்டர் ஆரத்தோடு படம் போட்டு. மேடு அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் போனபோதும் நாங்கள் இறங்கித்தான் நடந்தோம், பாட்டி மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.